சம்பந்தியோடு ஏரிக்கரையில்

எனக்கும் என் சம்பந்திக்கும் மூன்று வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், ஐந்து நிமிஷம்.

நான் கைக்கடிகாரம் பழுது பார்த்தவன். நாற்பது வருஷம் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, எறும்புத் தலை அளவு திருகுகளோடு மல்லுக்கட்டியவன். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். என் மகளும் அவர் மகனும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒருவரையொருவர் விரும்பி, வீட்டில் வந்து சொன்னார்கள். நாங்கள் யாரும் குறுக்கே நிற்கவில்லை. கல்யாணத்தன்று மண்டபத்தில் அவர் "நேரமாச்சு, நேரமாச்சு" என்று காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி பறந்தார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே சம்பந்தி" என்றேன்.

அவர் தன் மணிக்கட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "உங்க வாட்ச் ஸ்லோவா ஓடுது."

நூறு பேர் பார்க்க, கடிகாரக்காரனைப் பார்த்து இப்படிச் சொன்னார். நானும் ஏதோ சொன்னேன். அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். பேருந்து ஓட்டியவர் குரல், மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் போனது. அத்தோடு சரி. அதன்பிறகு எதிரெதிரே வந்தால் இரண்டு பேருமே கூரையைப் பார்ப்போம்.

மூன்றாம் வருஷம் பேத்தி பிறந்தாள். எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், நானும் என் மனைவியும் பெட்டி படுக்கையோடு மகள் வீட்டில் போய் இறங்கினோம். கதவைத் திறந்தால், உள்ளே சோபாவில் சம்பந்தி. அவர் மனைவி காலமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. பணி ஓய்வு பெற்றதும் மகனோடு வந்து இருந்துவிட்டாராம். இந்தச் செய்தியை என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சோபா, ஒரு டிவி. ஒரு அறையில் மகளும் குழந்தையும் என் மனைவியும். இன்னொன்றில் மாப்பிள்ளை. கூடத்தில், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு கிழவர்கள். அவர் இருமினால் குழந்தை எழும். நான் நாற்காலியை நகர்த்தினால் குழந்தை எழும். ஐந்தாம் நாள் காலையில் என் மனைவி அறையிலிருந்து வெளியே வந்து, குரலை உயர்த்தாமலேயே சொன்னாள்:

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போங்க. எங்கன்னு எனக்குத் தெரியாது. சாப்பாட்டு நேரத்துக்கு வந்தா போதும்."

மாப்பிள்ளைக்குச் சங்கடமாகிவிட்டது. அலமாரிக்கு மேலே துழாவி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத இரண்டு தூண்டில் கோல்களை எடுத்தார். "கல்யாணமான புதுசுல நாங்க ரெண்டு பேரும் போகலாம்னு வாங்கினது மாமா. போகவே முடியல. பக்கத்துலதான் ஏரி. சும்மா போய் உக்காந்துட்டு வாங்களேன்."

ஏரி, கால்மணி நேர நடை. அவர் சாலையின் அந்தப் பக்கம் நடந்தார், நான் இந்தப் பக்கம். கரையில் இருபதடி தள்ளித் தள்ளி நின்றுகொண்டோம். இரண்டு பேருக்கும் மீன் பிடிப்பது பற்றித் தெரிந்ததெல்லாம், மீன் தண்ணீரில் இருக்கும் என்பதுதான்.

தூண்டில் நரம்பு சுற்றிய ரீலில் ஒரு கம்பி வளையம் உண்டு. அதைத் திறந்தால்தான் நரம்பு ஓடும். சம்பந்தி திறக்காமலேயே, ஸ்டியரிங்கை ஒடிப்பது போல முழுப் பலத்தோடு வீசினார். தக்கை ஒரு முழம் போய்த் திரும்பி வந்து கோலைச் சுற்றிக்கொண்டது. முள் அவர் தொப்பியில் மாட்டியது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உடனே நான் வீசினேன். வளையத்தைத் திறந்துதான் வீசினேன். ஆனால் விரலைச் சீக்கிரமே விட்டுவிட்டேன் போலிருக்கிறது, தக்கை எனக்குப் பின்னால் இருந்த புதரில் போய் உட்கார்ந்தது. இப்போது அவர் சிரித்தார். அந்தக் குரலைக் கேட்டு ஏரியின் நடுவில் இருந்த நீர்க்காகங்கள் கிளம்பிப் போயின.

அவர் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக் கிடந்தது. கொஞ்ச நேரம் பிய்த்துப் பார்த்தார். பிறகு பேனாக்கத்தியை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. போய் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு வெட்டு இல்லாமல் முழுசாகப் பிரித்துக் கொடுத்தேன்.

அவர் நரம்பைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார். "எப்படிங்க இதெல்லாம்?" என்றார். மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை.

"இதைவிடச் சின்னதெல்லாம் பாத்திருக்கேன்" என்றேன்.

திரும்பும் வழியில் இருவரும் சாலையின் ஒரே பக்கமாக நடந்தோம்.

ஏரிக்குப் போகும் தெருவில், சைக்கிள் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரு தூண்டில் கடை. நடத்தியது ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும், எதையும் நேராகப் பேசுவார். எங்கள் முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்குத் திமிங்கலம்தான் வரணும் சார். இந்த ஏரியில அது இல்ல." சின்ன முள் பத்து எடுத்து வைத்தார். "நரம்பை முள்ளோட காதுல கோத்து அஞ்சு சுத்து சுத்துங்க. இறுக்கறதுக்கு முன்னால வாயில வெச்சு ஈரம் பண்ணிக்குங்க. காஞ்ச நரம்பை இழுத்தா சூட்டுல நைஞ்சு போயிடும்."

நான் அங்கேயே ஒன்று போட்டுக் காட்டினேன். அவர் இழுத்துப் பார்த்து, "முதல் தடவையா?" என்றார். சம்பந்தி போட்டது, இழுக்காமலேயே அவிழ்ந்தது.

"தக்கை தண்ணியில படுத்துக்கிட்டா ஈயக்குண்டு தரையைத் தொட்டிடுச்சுன்னு அர்த்தம். தக்கையைக் கொஞ்சம் கீழ இறக்கிக் கட்டுங்க. நிமிர்ந்து நிக்கணும். அப்புறம், தக்கை ஆடறதுக்கெல்லாம் இழுக்காதீங்க. அது ருசி பாக்குது. உள்ள முங்கினப்புறம் மணிக்கட்டை மட்டும் மேல தூக்குங்க, போதும்."

சம்பந்தி யோசித்தார். "படியில ஒரு கால் வெச்சதும் பஸ்ஸை எடுக்கக் கூடாது. ஏறி நின்னப்புறம்தான் எடுக்கணும். அதானே?"

"அதேதான்."

"நீங்க அப்படித்தான் எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நானா? கால் வெக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுவேன்" என்றார். கடைக்காரம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

அப்படித்தான் எங்கள் வேலைப் பிரிவினை தொடங்கியது. முடிச்சு என் இலாகா. வீசுவது அவர் இலாகா. வளையத்தைத் திறக்கப் பழகியதும் அவர் கை படிந்துவிட்டது. நாணல் ஓரத்தில் ஒரு தட்டு அளவு இடத்தைக் காட்டினால், அதில் கொண்டுபோய்த் தக்கையை வைப்பார். முப்பத்துநான்கு வருஷம் சந்து பொந்தில் பேருந்தைத் திருப்பியவரின் கண் அளவு. ஆனால் காத்திருக்க மட்டும் அவருக்கு வராது. தக்கை லேசாகத் தலையாட்டினால் போதும், பிடுங்கிவிடுவார். புழு மட்டும் காணாமல் போயிருக்கும். பத்து நாளில் அந்த ஏரி மீன்களை நாங்கள் நன்றாகக் கொழுக்க வைத்தோம்.

மற்றதையெல்லாம் நாங்களே அடிபட்டுக் கற்றோம். காலை வெயில் முதுகில் அடித்தால் நம் நிழல் தண்ணீரில் விழும், மீன் ஓடிவிடும் என்று தெரிய ஒரு வாரம் ஆயிற்று. அதன்பின் பின்னால் தள்ளி, தாழ உட்கார்ந்தோம். அவர் தரையில் காலைத் தட்டித் தட்டிப் பேசுவார். அது தண்ணீருக்குள் கேட்கும் என்று கடைக்காரம்மா சொன்னதிலிருந்து செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் பேசினார். ரொட்டியைப் பிசைந்து உருட்டி வைத்தால் சின்ன மீன்கள் வந்து கரைத்துவிடும், வேகவைத்த சோள மணி முள்ளில் நிற்கும் என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

பதினோராம் நாள். தக்கை இரண்டு தரம் ஆடியது. அவர் கை பறந்தது. நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் ஏறல" என்றேன்.

"ஏறிட்டாங்க!"

"படியிலதான் நிக்கறாங்க. இருங்க."

தக்கை சாய்ந்தது, நகர்ந்தது, சட்டென்று இல்லை. கையை விட்டேன். அவர் மணிக்கட்டைத் தூக்கினார். கோல் வளைந்தது. "என்ன பண்றது, என்ன பண்றது" என்று கத்தினார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? "தூக்கிப் பிடிங்க, அது ஓடினா விடுங்க, நின்னா சுத்துங்க" என்று கடைக்காரம்மா சொன்னதையே திருப்பிக் கத்தினேன். வந்தது ஒரு கெண்டை. என் உள்ளங்கை நீளம். வயிற்றுப் பக்கம் பொன் நிறம். செதில்கள் ஒவ்வொன்றும் யாரோ இடுக்கியால் எடுத்துப் பதித்தவை போல வரிசையாக இருந்தன. நான் கையை ஏரியில் நனைத்துக்கொண்டு அதைப் பிடித்தேன். காய்ந்த கையால் தொட்டால் அதன் மேல் பூச்சு போய்விடும்.

"வீட்டுக்குக் கொண்டு போலாமா?" என்றார்.

"இதை வெச்சு அஞ்சு பேருக்கு என்ன பண்றது?"

இருவரும் மண்டியிட்டு அதைத் தண்ணீருக்குள் வைத்துப் பிடித்தோம். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு வாலை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போயிற்று. அறுபது தாண்டிய இரண்டு பேர், முழங்கால் சேற்றோடு, அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று என் மனைவி கதவைத் திறந்து எங்கள் கோலத்தைப் பார்த்ததும், "குழந்தைங்க மூணாயிடுச்சு" என்றாள்.

மழை முடிந்ததும் கடைக்காரம்மா, ஓடைக்குப் போய்ப் பாருங்கள் என்றார். பேருந்தில் ஒரு மணி நேரம். வழியெல்லாம் சம்பந்தி ஓட்டுநரின் பின் இருக்கையில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தார்.

ஓடைத் தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆனால் இழுத்தது. அங்கே மீன் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும். மேலிருந்து இரை வருமென்று பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் நாம் அதற்குப் பின்னால் நின்று, அதன் தலையைத் தாண்டி மேல்பக்கம் வீசி, இரையைத் தண்ணீரே கொண்டுவரும்படி விட வேண்டும். பெரிய கல்லுக்குப் பின்னால் ஓட்டம் அடங்கும் இடத்தில்தான் மீன் ஓய்வெடுக்கும். தக்கை வேண்டாம், ஒரு சின்ன ஈயம் போதும். இதெல்லாம் கேட்கச் சுலபமாக இருந்தது. காலை முழுவதும் கற்களைத்தான் பிடித்தோம்.

மதியம் ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தபோது அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "பாருங்க."

காதில் வைத்தேன். நல்ல ஓட்டம். என் கடிகாரத்தோடு சேர்த்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் முன்னால் ஓடியது.

"வேலையில சேர்ந்த அன்னைக்கு என் வீட்டுக்காரம்மா அப்படித் திருப்பி வெச்சா. டூட்டிக்கு லேட்டாகக் கூடாதுன்னு. அவ போனப்புறம் மாத்த மனசு வரல."

"அப்ப அன்னைக்கு மண்டபத்துல உங்களுக்குத் தெரியும்!"

"நல்லாவே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா அத்தனை பேர் முன்னால என் வாட்சைக் குறை சொன்னீங்க?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். "அவ இல்லாம என் பையன் கல்யாணம் நடக்குது. யார் மேலயாவது எரிஞ்சு விழணும் போல இருந்துச்சு. நீங்கதான் பக்கத்துல நின்னீங்க."

கடிகாரத்தைக் கைக்குட்டையால் துடைத்து, நேரத்தை மாற்றாமல், அவர் மணிக்கட்டில் நானே கட்டிவிட்டேன்.

பேத்திக்கு ஆறு மாதமானதும் நானும் மனைவியும் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, வீடு எடுத்துக்கொண்டு தங்கிவிட்டோம். வாரத்தில் நான்கு நாள் ஏரி. வாழ்க்கையில் எனக்கு அதுவரை நண்பன் என்று ஒருவன் இருந்ததில்லை. கடிகாரக்காரன் குனிந்த தலை நிமிராதவன். அறுபத்துமூன்று வயதில் ஒரு நண்பர் கிடைத்தார்.

பேத்திக்கு நான்கு வயதாகும்போது அவள் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள்.

யார் மேல் தப்பு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடிதடி இல்லை, வேறு ஆள் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் மெல்ல மெல்லப் பேச்சு குறைந்து, கடைசியில் குழந்தையைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களாக ஆகிவிட்டிருந்தார்கள். நீதிமன்றத்தில் ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

என் மனைவியால் தாங்க முடியவில்லை. அவளால் மாப்பிள்ளையைத் திட்ட முடியவில்லை, மகளையும் திட்ட முடியவில்லை. ஏரியைத் திட்டினாள். "இனிமே அந்தக் குடும்பத்தோட நமக்கு என்ன? அவரோட போய்ச் சிரிச்சுப் பேசிக்கிட்டு உக்காந்திருந்தா பொண்ணு மனசு என்ன பாடுபடும்?"

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கோலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவரும் வரவில்லை, போன் பண்ணவில்லை. பண்ணினால் என்னவென்று கூப்பிடுவது? சம்பந்தம் முடிந்தபின் சம்பந்தி யார்? ஏழு மாதம் அப்படியே போயிற்று. கடைக்குப் போனாலும் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவேன்.

ஒருநாள் சைக்கிள் கடையில் பேத்தியின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடிக்கப் போக வேண்டியதாயிற்று. தூண்டில் கடைக்காரம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

"சார், உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்." உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். திறந்தால், இருபது முள்ளும் ஒரு சுருள் நரம்பும். "நான் கட்டித் தரேன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். வேண்டாங்கறார். 'என் சம்பந்தி கட்டித் தருவார், அவர் வந்தா குடுங்க'ன்னு வெச்சுட்டுப் போனார். மூணு மாசமாச்சு."

"அதுவரைக்கும் எப்படி மீன் பிடிக்கிறாராம்?"

"பிடிக்கல. கோலை மட்டும் கொண்டு வந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்."

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மத்தியான வெளிச்சம் நன்றாக இருந்தது. ஒவ்வொன்றாகக் கோத்து, ஐந்து சுற்று சுற்றி, வாயில் ஈரம் பண்ணி இறுக்கினேன். ஏழாவது முள் கட்டும்போது மனைவி வந்து நின்றாள். டப்பாவைப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. நான் தலை நிமிரவில்லை.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கட்டுங்க" என்றாள். "அவிழ்ந்துடுச்சுன்னா அதுக்கும் நம்ம குடும்பத்தைத்தான் சொல்வாங்க."

சாயங்காலம் மகள் அலுவலகத்திலிருந்து வந்தாள். அவளிடம் நேராகவே கேட்டேன். "நான் ஏரிக்குப் போனா உனக்குக் கஷ்டமா இருக்குமாம்மா?"

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "எனக்கு எதுக்குப்பா கஷ்டம்? நாங்கதானே பிரிஞ்சோம். நீங்க ஏன் பிரிஞ்சீங்கன்னு எனக்கே புரியல."

மறுநாள் காலை போனேன். வழக்கமான இடத்தில், வெயிலுக்குப் பின்வாங்கி, தாழ உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர் எழுந்து நின்றுவிட்டார். நான்தான் முதலில் சொன்னேன்.

"என்ன சம்பந்தி, பஸ் இன்னும் வரலையா?"

"அப்படிக் கூப்பிடலாமா இன்னும்?" என்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"குட்டி நம்ம ரெண்டு பேருக்கும் பேத்திதானே? கோர்ட்டுல அதை ரத்து பண்ணலையே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். நான் ஒரு நரம்பை எடுத்து அவர் கோலில் இணைத்துக் கொடுத்தேன். வீசினார். ஏழு மாதம் கழித்தும், நாணல் ஓரத்தில் சரியாக அந்தத் தட்டு அளவு இடத்தில் தக்கை போய் நிமிர்ந்து நின்றது.

அதன்பின் எட்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியும் வருவாள். எங்கள் இருவரையும் விட வேகமாகக் கற்றுக்கொண்டாள். புழுவைத் தொட மட்டும் மாட்டாள். என் மனைவியே சில நாட்களில் டிபன் டப்பாவில் இருவர் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து, "அவருக்குக் காரம் ஆகாது, மேல் தட்டு அவருக்கு" என்பாள்.

இப்போது சம்பந்தி இங்கே இல்லை. மகனுக்கு வேலை மாற்றலாகி, போன வருஷம் வெகுதூரத்தில் ஒரு ஊருக்குப் போய்விட்டார்கள். மூட்டுவலியில் அவரால் அதிகம் நடக்க முடிவதில்லை. அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர்தானாம். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோம்.

நேற்று ஒரு கெளுத்தி கிடைத்தது. அவரிடம் சொன்னேன்.

"எவ்வளவு பெருசு?"

"முழங்கை நீளம் இருக்கும்."

"அப்ப ஒரு சாண்" என்றார்.

"ஒண்ணரை சாண்."

"சரி, ஒண்ணே கால்னு வெச்சுக்கலாம்." சிரித்தார். போன் நடுங்கியது. பிறகு, "தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

சொன்னேன். மழை பெய்து கரைக்கல் வரைக்கும் ஏறியிருக்கிறது. காலையில் கொஞ்சம் கலங்கல், பத்து மணிக்குத் தெளிந்துவிடும். நாணல் இந்த வருஷம் அடர்த்தி. ஒரு தாய் வாத்து ஆறு குஞ்சுகளோடு தக்கையைச் சுற்றிக்கொண்டு போயிற்று, ஒன்று மட்டும் நின்று அதைக் கொத்திப் பார்த்தது. போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. நானும் நிறுத்தாமல், மேற்குக் கரை வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன்.